மைக்செட்காரரின் மௌன நேரம்

"நான் உள்ள போறேன்! ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது!" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்திவிட்டு, ஒலிபெருக்கிகள் அடுக்கிய சாமான் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறார் மைக்செட்காரர். தினமும் காலையில் அவருடைய மௌனம் இப்படித்தான் ஆரம்பமாகிறது.

அந்த அறையில் ஆண்டவர் அவரோடு பேசுகிறார் என்று தெருவில் வதந்தி. எந்த மைக்கில் என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரித்து வரலாமென்று அவர் வீட்டுக்குப் போனேன்.

"இவரு இடம் விட்டாத்தானே ஆண்டவர் பேச முடியும்?" என்றார் அவர் மனைவி.

உள்ளிருந்து கதவை ஒரு முறை தட்டினால் தண்ணீர் வேண்டும் என்று பொருள். இரண்டு முறை என்றால் மின்விசிறி. மூன்று என்றால், வந்திருப்பது யார் என்ற கேள்வி. அன்று மூன்று தட்டு கேட்டது.

"யாரோ! நீங்க ஆண்டவரைப் பாருங்க!" என்று கதவைப் பார்த்துச் சொன்னார் மனைவி.

தனித்திருந்து ஜெபிப்பதைப் பற்றி எங்கள் சபையில் போதகர் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார். அப்போதெல்லாம் மைக்செட்காரர் கவனித்தது மைக் இரைகிறதா என்பதை மட்டும்தான். பிறகு எப்படி இந்தத் திடீர் ஞானம்? அவர் மனைவியிடமே கேட்டேன்.

"போன மாசம் சபையில சாட்சி சொன்னேன் தம்பி, ஆபரேஷன்ல பொழைச்சு வந்ததை. வாழ்க்கையில முதல் தடவையா நாலு பேர் முன்னால பேசுறேன். நீளமாப் போகுதுன்னு மைக்கை அணைச்சிட்டாரு, இந்த மனுஷன்! ஒரு மன்னிப்பு கேக்கணுமே? மறுநாளே மௌனம்னு உள்ள போயிட்டாரு."

அந்த அம்மாள் காபி போடப் போனதும் கதவு திறந்தது. மைக்செட்காரர் முகத்தில் ஒரு பரிசுத்தக் களை.

"ஆண்டவர் பேசுறாராமே, அண்ணே?"

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. குரலைத் தாழ்த்தினார், அந்தத் தொண்டைக்கு அதுவும் தெரியும் என்பதே எனக்குப் புதிது.

"எங்க தம்பி... கண்ணை மூடினா இவ சத்தம்தான் கேக்குது. நான் அணைச்சேன் பாரு, அந்த இடத்துலேருந்து மேல பேசிட்டே போறா."

"அதை அவங்ககிட்டயே சொல்லிடுங்களேன்."

"சொல்லணும்தான். வார்த்தை வரணுமே."

அந்த அம்மாள் காபியோடு வந்து நின்றார். "என்ன, ஏதாச்சும் சொல்லணுமா?"

தொண்டையைச் செருமினார் மைக்செட்காரர். என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு தன் டம்ளரை எடுத்து மனைவி பக்கம் நீட்டினார். "முதல்ல நீ குடி."

"காபி இருக்கட்டும். அந்த மன்னிப்பு எங்க?"

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. அந்த அம்மாள் டம்ளரை வாங்கவுமில்லை.