மைக்கில் சொல்லக் கூடாத கள்ளுக்கடை

ஆண்டவர் தனக்குச் செய்ததை அரை மணி நேரம் சொல்லத் துடிக்கிறவரை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க வைப்பதுதான் என் வேலை. எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் எங்கள் சின்னத் தமிழ்ச் சபையில் தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள், அதற்கு முன் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும். நான் இலக்கியம் படித்த பள்ளி ஆசிரியை என்பதால், அவர்களைத் தயார் செய்யும் பொறுப்பைப் போதகர் என் தலையில் கட்டினார். நீண்ட சாட்சிகளைப் பசியோடு கேட்டுப் பெஞ்சில் நெளிந்த சகோதர சகோதரிகளே, உங்கள் துன்பம் எனக்குத் தெரியும்.

வளர்ந்த பாவம்

குனோங் ராபாட் பகுதி டாக்சிக்காரர் தேவசகாயம், ஞானஸ்நானம் எடுத்த பிறகும் ஆண்டுதோறும் சாட்சி சொல்வார். முதல் தடவை சீட்டாடியவராக இருந்தார். அடுத்த தடவை குண்டர் கும்பலில் சேர்ந்திருந்தார். அதற்கடுத்த தடவை கும்பலுக்கே தலைவர். எனக்குத் தெரிந்து அவர் ஹாரன்கூட அதட்டி அடித்ததில்லை. "உள்ளதை மட்டும் சொல்லக் கூடாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"சின்னப் பாவத்துக்கு யாரு லா டீச்சர் அல்லேலூயா சொல்லுவா?"

ராமையாவின் நிபந்தனை

அஞ்சலை ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுபவள். அவள் கணவர் ராமையா சைக்கிளோடு லோங்காங்கில், சாலையோரச் சாக்கடையில், விழுந்தார். மழையில் வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். சர்க்கரை வியாதி; கால் காயம் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த கிறிஸ்தவப் பெண்ணிடம்தான் அஞ்சலை ஜெபிக்கக் கற்றாள்.

அவளுக்கு ஞானஸ்நானம் எடுக்க ஆசை. ராமையாவுக்குப் பயம். எங்கள் சபையில் மனைவிமார் சாட்சி பெரும்பாலும் புருஷன் குடியில்தான் தொடங்கும். சாயங்காலத்துக்குள் அது தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். அனுமதி கேட்டு நானே போனேன். வாசலில் கக்கத்துக் கட்டையை ஊன்றி நின்றார்.

"தாராளமா முங்கட்டும் டீச்சர். ஆனா மைக்குல கள்ளுக்கடைய இழுத்தா, அன்னிக்கே இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது."

ஒத்திகை

அஞ்சலை பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். "நான் பாவியா இருந்தேன்" என்று தொடங்குவாள், அங்கேயே நின்றுவிடுவாள். தகரக் கூரையில் மழை, சொல்லி முடிக்காத எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டை இழக்கப் போகிறாளே என்ற கவலையில் ஒரு வழி சொன்னேன்: "அவரை விட்டுடு அஞ்சலை. உன்னைப் பற்றி மட்டும் சொல்."

"அவரு இல்லாம என் பாவத்த எப்படி டீச்சர் சொல்றது?"

கடைசிப் பெஞ்சு

ஞாயிற்றுக்கிழமை ராமையா வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, பக்கத்தில் கட்டை. காவல்காரர் போலக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அஞ்சலை மைக்கைப் பார்க்காமல் பேசினாள். "எனக்கு வாயி கெட்ட வாயி. ஒருநாளு கோவத்துல, 'உன் காலு வெளங்காமப் போக'ன்னு மண்ண வாரித் தூத்திட்டேன். அந்த வாரமே விழுந்தாரு. காலு போச்சு. நாந்தான் எடுத்தேன்னு அவரு மூஞ்சியப் பாக்க முடியல. சாமிகிட்ட கேட்டா மன்னிப்பாருன்னு பக்கத்துக் கட்டிலு அக்கா சொன்னாங்க. கேட்டேன். மனசு லேசாச்சு. அன்னிக்குத்தான் சோறு எறங்குச்சு. ஆனா இவருகிட்ட இன்னும் கேக்கல."

ஏன் கோபம் வந்தது என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. கடைசிப் பெஞ்சருகே கட்டை தரையில் டொக்கென்று இடித்தது. ராமையா எழுந்து நின்றிருந்தார், முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அடி கூறுகெட்டவளே, மழையும் இல்ல, உன் மண்ணும் இல்ல! முட்ட முட்டக் கள்ளு குடிச்சிட்டு நானே போயி விழுந்தேன். உன் வாய்க்கு அவ்ளோ சக்தி இருந்தா தோட்டத்துல ஒருத்தன் மிஞ்சுவானா? போ, போயி முங்கு!"

முதல் அல்லேலூயா தேவசகாயம் அண்ணனுடையது.

எத்தனையோ பேருடைய சாட்சியைச் செதுக்கிக் கொடுத்த நான் கிருபையை நேரில் பார்த்தது, என்னிடம் ஒத்திகைக்கே வராத, திருநீறு பூசிய ஒரு மனிதர் சபை நடுவே கத்திய அந்த அரை நிமிடத்தில்தான்.