காருக்குள் ஓர் அரிவாள்மணை

1988ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பாபடோயிட்டோய் வட்டாரத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்தைப் பார்ப்பதற்கு முன்பே சுப்பம்மா எந்தச் சனிக்கிழமை ஓய்வாக இருக்கிறார் என்று கேட்டுவிடுவார்கள். ஃபிஜித் தீவில், பா நகருக்கு வெளியே, கரும்புத் தோட்டத்தில் வாழ்ந்தவர் அவர். கணவர் சின்னப்பா இறந்த மறு ஆண்டு, 1987இல், அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, ஆக்லாந்தில் இருந்த மகள் குசுமின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் மாதமே முந்நூறு பேருக்குச் சாம்பார் வைத்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

சமைக்கப் போகும் இடத்திலெல்லாம் அண்டாவும் அடுப்பும் கல்யாண வீட்டாரே தருவார்கள். அரிவாள்மணை மட்டும் சுப்பம்மாவுடையது. பழைய கரும்புக் கத்தியின் அலகை வளைத்துக் கனத்த பலகை ஒன்றில் சின்னப்பா பதித்துக் கொடுத்தது. அதன் முன் உட்கார்ந்து வலக்காலைப் பலகைமேல் அழுத்திக்கொண்டால் அரை மணி நேரத்தில் பத்துப் பூசணிக்காய்கள் துண்டுகளாகிவிடும். யாரோ மின்சார இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தபோது, "இது நறுக்கல சாமி, கடிச்சுத் துப்புது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

1988 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ஹில்ஸ்பரோவில் ஒரு கல்யாணச் சமையலுக்காகப் புறப்பட்டார்கள். காரை ஓட்டியவர் குசுமின் கணவர் வெங்கடசாமி. விமான நிலையத்துக்கு அருகே ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். சுப்பம்மா பின்னிருக்கையில் இருந்தார். பழைய துண்டு ஒன்றில் சுற்றிய அரிவாள்மணை அவருடைய காலடியில் இருந்தது. பெரிய சாலைத் திருப்பத்தில் போலீஸார் வண்டிகளை நிறுத்தித் தகுதிச் சான்றிதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளம் காவலர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். துண்டின் ஓரத்தில் ஒரு சாண் அலகு வெளியே தெரிந்தது.

"இது என்ன? எதற்காக இது காருக்குள் இருக்கிறது?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

சுப்பம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மாப்பிள்ளை பதில் சொன்னார். மாமியார் கூலிக்குச் சமைக்கப் போகிறார் என்பதை ஒரு வெள்ளைக்காரக் காவலரிடம் சொல்ல அவருடைய நாக்கு எழவில்லை. ஃபிஜியில் நடந்தது எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி. அதைச் சொன்னால் இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். "பயந்த அம்மாள், சார். கலவரத்துக்குத் தப்பி வந்தவர். பாதுகாப்புக்காக வைத்திருக்கிறார்" என்றார்.

காவலரின் முகம் இறுகிவிட்டது. அரிவாள்மணை அந்த இடத்திலேயே அவர்கள் கையைவிட்டுப் போனது. அன்று ஹில்ஸ்பரோவில் முந்நூறு பேர் சாப்பிட்ட கூட்டில் பூசணிக்காய் கட்டை கட்டையாக மிதந்தது.

செவ்வாய்க்கிழமை சுப்பம்மாவைக் காவல் நிலையத்துக்கு அழைத்திருந்தார்கள். மேசைக்கு அப்பால் இருந்த சார்ஜென்ட் நல்ல மனிதர். ஒரு தாளை நீட்டினார். கைப்பற்றிய பொருள் ஓர் ஆயுதம், அதை அழித்துவிடச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். போடாவிட்டால் நீதிமன்றம். அங்கே தோற்றுவிட்டால் குற்றவாளி என்று பதிவாகும். குடியேற்ற அலுவலகத்தில் கிடக்கும் அவருடைய நிரந்தர வதிவிட விண்ணப்பத்தை அந்தப் பதிவு கவிழ்த்துவிடக்கூடும்.

குசும் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்னாள். சுப்பம்மா பேனாவைத் தொடவே இல்லை.

"நான் ஆயுதம் வெச்சிருந்தேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

"அம்மா, ஒரு கையெழுத்துதானே? வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

"பொருளுக்காகச் சொல்லலடி. எதுல போயி என் பேர எழுதச் சொல்றாங்க, பாரு. மாட்டேன்னு சொல்லு."

"ஊரு திரும்பிப் போகச் சொல்லிட்டா?"

"போறேன். சமையல்காரியாப் போறேன். கத்தி தூக்கினவளாப் போக மாட்டேன்."

வழக்குத் தேதி பிப்ரவரியில் விழுந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னதாக, சுப்பம்மாவுக்காக வாதாடவிருந்த வழக்கறிஞர் அவரைச் சந்தித்தார். உடன் மொழிபெயர்க்க வந்தவர் ரதிதேவி. யாழ்ப்பாணத்துக்காரர், எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் கணக்காளர். இருவருடைய தமிழும் வெவ்வேறு கடற்கரைகளில் வளர்ந்தவை. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன.

"ஏம்மா, வீட்டுக்குள்ள இருந்தா அரிவாள்மணை. கார்ல ஏறினா ஆயுதமா? இது என்ன சட்டம்?"

"ஓம் அம்மா, வீட்டுக்குள்ள வச்சிருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டினம். றோட்டில நிக்கிற காருக்குள்ள எண்டா அது பொது இடம். என்னத்துக்குக் கொண்டு போறீங்கள் எண்டு நீங்கள்தான் காரணம் காட்டவேணும்" என்று வழக்கறிஞரின் பதிலை ரதிதேவி சொன்னார்.

"சமைக்கப் போறேன். இது காரணம் இல்லையா?"

"நல்ல காரணம். ஆனா உங்கட மருமகன் வேற கதை சொல்லிப்போட்டார். பாதுகாப்புக்கு எண்டு. அதைச் சொன்னா இரக்கம் வரும் எண்டு நினைச்சிருப்பார். இஞ்ச அது காரணமே இல்லை அம்மா. ஆரையும் வெட்டலாம் எண்ட எண்ணத்தோட வச்சிருந்ததாத்தான் அதை எடுப்பினம்."

மாப்பிள்ளை வாயால் சொன்னதை மாமியார் வாயால் மறுக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் இருந்தும், வெங்கடசாமியின் முகத்தைப் பார்த்து சுப்பம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. "குசுமு, மாப்பிள்ளைக்கு மோர் வேணுமான்னு கேளு" என்பார், மாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. அது பயமன்று, மரியாதை. அந்த மரியாதையைச் சபையில் வைத்து உடைப்பதா என்பதுதான் இப்போதைய கேள்வி.

அன்றிரவு குசும் அழுதாள். "அவர் மானம் போயிடும்மா. கையெழுத்துப் போட்டுடு, இன்னும் நேரம் இருக்கு. நாலு பேருக்கு முன்னால அவரப் பொய்யன்னு சொல்லப் போறியா?"

"பொய்யின்னு நான் சொல்லலைன்னா, நான் கொலகாரின்னு ஆயிடும். எது தேவலை, நீயே சொல்லு."



நீதிமன்றத்தில் அரிவாள்மணை ஒரு மேசையின்மேல் கிடந்தது. அதன் கழுத்தில் எண் எழுதிய அட்டை ஒன்று கட்டியிருந்தது. வெங்கடசாமி கடைசி வரிசையில், வேலைக்குப் போகும் உடையிலேயே, உட்கார்ந்திருந்தார். இளம் காவலர் நடந்ததை உள்ளபடி சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சுப்பம்மா கூண்டில் ஏறினார். இதை எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று வழக்கறிஞர் கேட்டார்.

"இது எங்கயும் போகாதுங்க. கத்தின்னா கை அசைக்கும். இது அசையாது, காய்தான் இதுகிட்ட வரணும். இத வெச்சு ஒருத்தர வெட்டணும்னா அந்த ஆளு நடந்து வந்து, எதிர்ல குந்தி, கழுத்த நீட்டி, ஆடாம இருக்கணும். அப்படி ஒரு நல்ல மனுசன நான் இதுவரைக்கும் பார்த்ததில்லே."

ரதிதேவி அதைச் சிரிக்காமல் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கப் படாத பாடுபட்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. காவல் துறையின் சார்பில் வந்தவர் எழுந்தார்.

"உங்கள் மருமகன் பாதுகாப்புக்காக என்றாரே?"

"சொன்னாங்க."

"அது உண்மையா?"

சுப்பம்மா கூண்டின் கட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கடைசி வரிசையை நேராகப் பார்த்தார். வெங்கடசாமி தலைகுனிந்துகொண்டார்.

"பொய்."

"அவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்?"

"கூலிக்குச் சமைக்கிறவ என் மாமியார்னு சொல்ல அவங்களுக்கு வெக்கம். எனக்கு வெக்கமில்லே. இந்த ஊர்ல எத்தனை கல்யாணத்துல என் கைச் சோறு தின்னிருக்காங்கன்னு நான் பேரோட சொல்லுவேன், எழுதிக்குங்க. இது சமைக்கிற சாமான். இதுக்கு ஆயுதம்னு பேரு வெச்சா, நான் நாப்பது வருசமாச் செஞ்ச வேலைக்கும் அந்தப் பேருதான். அத ஒத்துக்க மாட்டேன்."

ரதிதேவி மொழிபெயர்த்தார்.

நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு கடைசி வரிசையில் இருப்பவர்தானா மருமகன் என்று கேட்டார். வெங்கடசாமி எழுந்து நின்றார். சுப்பம்மா சொன்னது சரியா என்ற கேள்விக்கு, "ஆமாம், சார்" என்று மூன்று முறை சொன்னார். முதல் இரண்டு முறை யாருக்கும் கேட்கவில்லை. தக்க காரணம் காட்டப்பட்டது, வழக்குத் தள்ளுபடி, பொருளைத் திருப்பிக் கொடுங்கள் என்று நீதிபதி முடித்தார்.

வீட்டில் அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. வெங்கடசாமி மூன்று வாரம் தனியாகச் சாப்பிட்டார். "மாமியாரைக் கோர்ட்டில் நிறுத்தினவன்" என்று பட்டறையில் ஒருவன் கிண்டல் செய்ததாகக் குசும் வந்து சொன்னாள். சுப்பம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும்படி யாரையும் சொல்ல விடவுமில்லை. நான்காம் சனிக்கிழமை வேறொருவர் காரில் போகலாம் என்று அவர் வாசலில் நின்றபோது, வெங்கடசாமி தாமாகவே சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். மண்டபத்து வாசலில், அந்த வழியாகக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பட்டறை நண்பர் ஒருவரிடம், "இது என் மாமியார். இங்கே சமைக்க வந்திருக்கிறார்" என்று உரக்கச் சொன்னார். சுப்பம்மா காதில் விழாததுபோல் உள்ளே போய்விட்டார்.

வதிவிட அனுமதி அந்த ஆகஸ்டில் வந்தது. நீதிமன்றத்து அட்டையை அறுத்தெறியக் குசும் கத்தரிக்கோலோடு வந்தபோது அவர் தடுத்துவிட்டார். மஞ்சளும் வெண்டைக்காய்ப் பிசினும் ஏறி எண் மங்கும் வரை அது அங்கேயே தொங்கியது. சமையற்கட்டுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, "இது என்னங்க அத்தை, விலைச் சீட்டா?" என்று கேட்டாள்.

"போலீஸ் கட்டினது. அவுக்க எனக்கு மனசில்லே" என்றார் சுப்பம்மா. காலால் பலகையை அழுத்திக்கொண்டு அடுத்த பூசணிக்காயைத் தம் பக்கம் இழுத்தார்.