யாரும் போகாத பாஷை

போன சனிக்கிழமை முதல் என் வகுப்பில் ‘கோயிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லீவு கொடுத்திருக்கிறேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சோறு தின்கிறவன் இப்படிச் செய்யலாமா? காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நான் பதுளைக்காரன். பதுளைக்கு இன்னும் ரயில் வரவில்லை… வரும், வரும் என்கிறார்கள். அதனால் சனிக்கிழமைகளில் தெமோதரை வரை மாட்டுவண்டி. அங்கிருந்து ரயில். பண்டாரவளையில் இறங்கினால் கடைத்தெருவில் காசிம் நானாவின் ஜவுளிக்கடை. அதன் மாடியில்தான் என் வகுப்பு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகள், கடைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் வரும். துரைமாரிடம் வேலை விஷயமாக நாலு வார்த்தை உதறலில்லாமல் பேச வேண்டும் — அவ்வளவுதான் அவர்களுக்கு ஆசை.

மத்தியானம் சாய்ந்தால் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். முதலில் கடைசி பெஞ்சு மங்கும். அப்புறம் கரும்பலகை. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் மறைந்து குரல்கள் மட்டும் மிச்சமிருக்கும். ‘குட் மார்னிங் சேர்’ என்று புகைக்குள்ளிருந்து யாரோ சொல்வார்கள். நேரமோ சாயங்காலம்! திருத்தவும் மனசு வராது. அந்த மேகத்தில் காலை எது, மாலை எது?

காசிம் நானாவும் என் மாணவர்தான். துணி வாங்க வரும் துரைசாணிமாரிடம் ‘சிம்ப்ளி சீ, லேடி!’ என்பார். கேட்டால், “சும்மா பாருங்க எண்டு சொன்னன் வாத்தியார். அதுல என்ன பிழை?” என்று என்னையே மடக்குவார்.

இந்த வகுப்புக்கு தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வருகிறவர் ரத்தினம். கணக்கப்பிள்ளை. சாது. ஆனால் பிடிவாதத்தில் கோவேறு கழுதை. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்; பெண் எடுத்தது அப்பாவின் சொந்த ஊரான திருச்சிப் பக்கத்தில். மனைவி செல்லம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்த செய்தியும் வந்துவிட்டது. இவர் இன்னும் முகம் பார்க்கவில்லை.

“போய்க் கூட்டிக்கிட்டு வரணும் வாத்தியாரய்யா. லீவு கேக்கணும். அதுக்குத்தான் இங்கிலீசு” என்றார்.

“லீவுதானே? துரையிடம் கேட்டால் கொடுக்கிறார்.”

“லீவு குடுப்பாருங்க. வேலையைத்தான் திருப்பிக் குடுக்கமாட்டாரு. எனக்கு முந்தி இருந்தவரு ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தா, அவரு ஸ்டூல்ல வேற ஆளு. கரைக்கு, அதான் இந்தியாவுக்கு, போறவன் திரும்ப மாட்டான்னு தொரைக்கு ஒரே எண்ணம். வேலை போனா வீடும் போச்சு. பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு நாங்க எங்கங்க போறது?”

உடனே பாடத்தை ஆரம்பித்தேன்.

வேலை ஆங்கிலத்தில் என் முதல் சட்டம்: விஷயத்தை முதலில் சொல். நம்மவர்கள் மழையில் ஆரம்பித்து, மாட்டுக்கு வந்து, துரைசாணியின் சுகம் விசாரித்துக் கடைசியில்தான் காரியத்துக்கு வருவார்கள். அதற்குள் துரை குதிரை ஏறிப் போயிருப்பார். ஆகவே ஒரே வாக்கியம். ‘சேர், ஐ ஆம் கோயிங் டு இந்தியா ஃபார் சிக்ஸ் வீக்ஸ்.’ அழகாக, நேராக, சுருக்கமாக!

காசிம் நானாவின் தொப்பியை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். பென்சிலைத் துரைமாரின் பைப்பைப் போல வாயில் வைத்தேன். துரை தயார்.

ரத்தினம் கைகட்டி நின்றார். “சேர், ஐ ஆம்…” என்றார். அங்கேயே நின்றுவிட்டது.

“கோயிங்” என்று எடுத்துக்கொடுத்தேன்.

“அது வேணாங்க.”

“ஏன் வேணாம்?”

“‘போறேன்’னு சொல்லக்கூடாதுங்க. ‘கமிங்’னு போட்டுக்கலாமா?”

வந்ததே கோபம் எனக்கு! “ஐயா, ஆங்கிலத்தில் போகிறவன் போகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். ‘கமிங்’ என்றால் துரை உங்களைப் பைத்தியம் என்று நினைப்பார். லீவும் போகும், வேலையும் போகும்.”

ரத்தினம் தரையைப் பார்த்தார். மேகம் அவர் இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது.

“எங்கப்பா ஊர்ல அண்ணன்கூடச் சண்டை போட்டுக்கிட்டு, ‘போறேன்’னு சொல்லிட்டுக் கெளம்பினவர்ங்க. கடைசி வரைக்கும் திரும்பல. அப்புத்தளை மலையிலதான் பொதைஞ்சு கெடக்காரு. நான் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேங்க. எந்தப் பாசையிலயும்.”

‘உங்கள் இஷ்டம்’ என்று தொப்பியைக் கழற்றிவிட்டேன். ரயிலில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஆமாம்… நம் பாஷையில் யாருமே போவதில்லை! கடைக்குப் போகிறவன் ‘வாறேன்’ என்கிறான். கப்பல் ஏறுகிறவனும் ‘வாறேன்’ என்கிறான். சாவு வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிறோம். வெளியே பார்த்தால் மலை, தேயிலை, பாலம் எல்லாம் மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. போய்க்கொண்டா, வந்துகொண்டா?

அடுத்த சனிக்கிழமை ரத்தினம் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார். கையில் தகரப் பெட்டி. அவர் பிடிக்க வேண்டிய ரயிலுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

“என்ன ஆச்சு?”

“தொரை ‘சோ, யூ ஆர் கோயிங்?’னு கேட்டாருங்க. ‘நோ சேர். ஐ ஆம் கமிங்’னேன்.”

“அடப்பாவி மனுஷா!”

“‘கமிங்? வேர்?’னாரு. ‘இந்தியா சேர்’னேன். ‘இந்தியாவுக்கு கோயிங்தானே?’ன்னாரு. ‘இல்ல சேர், கமிங்’னேன். மூஞ்சி செவந்து போச்சுங்க. தமிழுக்கு வந்துட்டாரு. ‘நீ போறது? போறது இல்லே? ஒண்ணு சொல்லு!’ நானும் தமிழ்லயே சொன்னேன்… ‘வாறேங்க தொரை.’”

“அப்புறம்?” என்று வகுப்பே எழுந்து நின்றது.

“பைப்பைக் கீழ வச்சாரு. ‘போகாத ஆளுக்கு வேற ஆள் எதுக்கு? ஆறு வாரம். கெட் அவுட்!’னுட்டாரு. எடம் எனக்குத்தாங்க!”

துரைக்குப் புரிந்ததா, அல்லது சலித்துப்போய்த் துரத்திவிட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. “ஐ ஆம் கமிங்!” என்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரத்தினம் தலைமன்னார்க் கப்பலுக்குக் கிளம்பினார்.

ஆறு வாரம் ஓடிற்று. ஆளைக் காணோம்.

காசிம் நானா சம்பள நாளில் அந்தத் தோட்டத்துக்குத் துணி விற்கப் போனவர், முகம் வாடித் திரும்பினார். “வாத்தியார், பெரிய கங்காணிட மருமகன் அந்த வேலையக் கேட்டுத் தொரைட ஆபீசுக்கு நடையா நடக்கிறாராம். ரத்தினம் போனவர் போனவர்தான் எண்டு சொல்றாராம்.”

பயமாக இருந்தது எனக்கு. உண்மையிலேயே பயம். கைக்குழந்தையோடு எங்கே மாட்டிக்கொண்டார்களோ? வந்தாலும் இங்கே ஸ்டூல் இருக்குமா, வீடு இருக்குமா? அந்தச் சனிக்கிழமை பாடம் நடத்தினேன் என்று பெயர். என்ன நடத்தினேன் என்று கேட்காதீர்கள்.

போன சனிக்கிழமை. வழக்கத்தைவிட அடர்த்தியான மேகம். வாசல் கதவு திறந்த சத்தம் மட்டும் கேட்டது. யார் என்று தெரியவில்லை.

“மே ஐ கம் இன், சேர்?”

கூடவே ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

வகுப்பில் இலக்கணம், ஒழுங்கு எல்லாம் பறந்தன. ரத்தினத்தைச் சுற்றி ஒரே கூட்டம். செல்லம்மாவுக்குக் காசிம் நானா ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். குழந்தைக்கு மூக்கு அப்படியே அப்பா.

“ஏனய்யா இத்தனை தாமதம்? வேலை என்ன ஆச்சு?” என்றேன்.

“கடல் கொந்தளிச்சுக் கெடந்துச்சுங்க, கப்பலே ஓடல. ஒரு வாரம் லேட்டு. திங்கக்கெழமை விடியக்காலம் பெரட்டுக்குப் போய், வேலை பிரிக்கிற எடத்துல ஆளோட ஆளா நின்னேங்க. தொரை வந்தாரு. கடியாரத்தை எடுத்துப் பாத்தாரு. ‘ஏழு வாரமா கமிங், கமிங்… யூ ஆர் லேட்!’னாரு. அம்புட்டுத்தாங்க. என் ஸ்டூல் சும்மாவே கெடந்துச்சு. கங்காணி மருமகன் வந்து கேட்டப்பல்லாம், ‘அவன் போகல்லே. வாறான்’னே சொல்லி அனுப்பியிருக்காரு.”

நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மேகம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ரத்தினம் தயங்கினார். “வாத்தியாரய்யா, ‘வாறோம்’னு சொல்றதுக்கு இங்கிலீசுல என்னங்க?”

“வி ஆர் கமிங். மூன்று பேர் ஆகிவிட்டீர்களே, இனி அதுதான்” என்றேன் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி.

“அதுக்கில்லைங்க. ஊர்ல பெரியப்பா இன்னும் இருக்காரு. எங்கப்பா சண்டை போட்ட அதே அண்ணன். கண்ணு தெரியல. அவருகிட்டச் சொல்லிக்கிறப்போ, எப்பவும்போல ‘போயிட்டு வாறேன்’னு சொல்லல. ‘போயிட்டு வாறோம் பெரியப்பா’ன்னேன். பொண்டாட்டி புள்ளையச் சேத்துச் சொல்றேன்னு நெனச்சிருப்பாரு. நான் எங்கப்பாவையும் சேத்துத்தாங்க சொன்னேன்.”

‘வி ஆர் கமிங்’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த ‘வி’க்குள் எத்தனை பேர், யார் யார் என்று ஆங்கிலமும் கேட்பதில்லை… அந்த அளவுக்கு அதுவும் நல்ல பாஷைதான்.