பன்னிரண்டாம் புள்ளி

அந்தச் சேறு ஆரஞ்சு நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண வீட்டு கேசரி என்றே நினைப்பீர்கள். காலை வைத்தால்தான் தெரியும் அந்தக் கருமம். முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். பிடுங்கினால் செருப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். துருவும் அழுகலும் சேர்ந்த அதன் நாற்றம் நகக்கண்ணில் ஏறிவிட்டால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. என் சல்வாரை ஊறவைத்த பக்கெட்டை அம்மா ஒரு நாள் பெங்களூர் மர்பி டவுன் வீட்டுக்கு வெளியே, தெருவிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவர்.

"வார்டு கழுவுறவ நானு. என் துணிகூட இப்படி நாறாதுடீ" என்றார்.

தொண்ணூறுகளின் பின்பாதி. எம்.எஸ்சி. கடைசி வருஷம், படிப்பு சுற்றுச்சூழல். ஆறு மாதம் எங்காவது பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பட்டம். எனக்கு வாய்த்தது பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த ஆலோசனை அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு சார், இரண்டு மேஜை, வரைபடம் போட ஒரு சாய்வுப் பலகை, சம்பளமில்லாத நான். மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு பழைய செப்புச் சுரங்கத்தின் கழிவுநீரைக் கண்காணிக்க சார் ஒப்பந்தம் எடுத்திருந்தார். யாருடைய சுரங்கம், எந்தத் தாலுகா என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

மூடிப்போட்ட சுரங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் ஓயாமல் வழியும். பாறையிலுள்ள கந்தகம் அதை அமிலமாக்கிவிடும். இரும்பையும் செம்பையும் கரைத்துக்கொண்டு வரும். அதை ஒரு தொட்டியில் விட்டுச் சுண்ணாம்பு கரைத்துக் கலக்கினால் புளிப்பு அடங்கும், இரும்பு சேறாகப் படியும், தெளிந்தது ஓடைக்குப் போகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான் பஸ் ஏறிப் போய், ஓடை நெடுகப் பன்னிரண்டு இடங்களில் தண்ணீர் பிடித்து, புளிப்பை அளக்கும் மீட்டரை முக்கிப் பார்த்துக் குறித்துவர வேண்டும். பிறகு வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். பச்சை நல்லது, மஞ்சள் சுமார், சிவப்பு குடிக்கத் தகாதது. சிவப்புப் புள்ளி விழுந்த இடத்துக்குச் சுரங்கக்காரர்கள் தினமும் லாரியில் தண்ணீர் அனுப்பியாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது.

பன்னிரண்டாவது புள்ளி ஒரு கிணறு. ஓடை வளைகிற இடத்தில், எப்போதோ தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடுவே இருந்தது. சுரங்கம் மூடிய பிறகும் போக்கிடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். முன்னொரு காலத்தில் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கிணற்றுக்கு எதிர்வீட்டு அக்காதான் எனக்கு வாளியும் கயிறும் கொடுப்பார். பெங்களூரிலிருந்து தமிழ் பேசிக்கொண்டு ஒரு பெண் வருகிறதே என்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். முதல் தடவையே உட்காரவைத்து டீ போட்டார். பால் ஊற்றினால் திரிந்துபோகிறது, அதனால் வெறும் டீதான் என்று சொல்லிக் கொடுத்தார்.

டம்ளருக்குள் இருந்தது மை. நீலங்கலந்த கறுப்பு. தண்ணீரில் இரும்பு இருந்தால் டீத்தூள் அப்படித்தான் கறுக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எழுதுவது வேறு, குடிப்பது வேறு. ஒரு வாய் வைத்தேன். ஆணியை நக்கின மாதிரி இருந்தது. அவர் உள்ளே போன சமயம் பார்த்துப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு, குடித்த மாதிரியே வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினேன். நல்லா இருந்துச்சுக்கா என்று வேறு சொன்னேன்.

ஏழெட்டு தடவை இப்படியே போய்வந்தேன். கிணறு எப்போதும் மஞ்சளில்தான் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது மாதம் ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண் கூசுகிறது. சுரங்க ஆபீஸ் மதில் வெள்ளை. பாதையோரக் கற்கள் வெள்ளை. மரங்களுக்கெல்லாம் இடுப்பளவு வெள்ளையடித்து, மேலே காவிப் பட்டை வேறு. சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பெரிய அதிகாரிகள் வருகிறார்களாம். தொட்டிக்குப் போனேன். கலக்கும் துடுப்பு வெறும் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு மூட்டை ஒன்றுகூட இல்லை.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் பாவம், நல்ல மனுஷன். தலையைச் சொறிந்துகொண்டு சுவரைக் கை காட்டினார். தண்ணீருக்கு வந்த சுண்ணாம்பு மொத்தமும் சுவருக்குப் போய்விட்டது. அடுத்த லோடு அடுத்த மாதம்தானாம். தண்ணீரைப் பார்க்க வருகிறவன் கண்ணுக்காகத் தண்ணீரின் மருந்தை எடுத்து மரத்துக்குப் பூசியிருக்கிறார்கள். த்தூ என்று அந்த வெள்ளைக் கல்லின் மேலேயே துப்பினேன்.

கிணற்றில் மீட்டர் நாலுக்கும் கீழே இறங்கியது. ஏழு இருக்க வேண்டிய இடம். நான் மறுபடி மறுபடி முக்கிப் பார்ப்பதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் கேட்டது இதுதான்.

"பாப்பா, மவளுக்குத் தலப்பிரசவம். அடுத்த மாசம் கூட்டியாரணும். இந்தத் தண்ணிய அவ குடிக்கலாமா, இல்ல மாமியார் வீட்டுலயே கெடக்கச் சொல்லட்டா?"

"குடிக்கவே கூடாதுக்கா. நான் சிவப்பு வச்சிடறேன், லாரி வந்துடும். நீங்க தைரியமா கூட்டிட்டு வாங்க" என்றேன்.

நான்தான் சொன்னேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைத்துச் சொல்ல வைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கே என்னை ரொம்பப் பிடித்திருந்தது.

சார் எக் பப்ஸ் தின்றுகொண்டே என் வரைபடத்தைப் பார்த்தார். கீழே பேக்கரியில் சூடாக வாங்கியது. ட்ரேசிங் தாள் மேல் துணுக்கு உதிர்கிறது, மஞ்சள் கரு ஒட்டிய விரலைத் தாளிலேயே தேய்க்கிறார். எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்காது என்று எனக்குப் பாடம் எடுத்தவரும் அவரே. கிணற்றுக்குப் பக்கத்தில் நான் சிவப்பு என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார். ஒரு சிவப்பு விழுந்தால் சுரங்கக்காரர்கள் அடுத்த வருஷம் ஒப்பந்தம் தரமாட்டார்கள் என்றார். அப்புறம், குரலைக்கூட உயர்த்தாமல், நிறங்களுக்கு அர்த்தம் சொல்லும் குறிப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். அது வலது மேல்மூலையில் இருந்தது.

"இத இடது கீழ்மூலைக்கு எறக்கிடும்மா. கடைசி நம்பர்தானே, பதினொண்ணோட நிறுத்திக்கலாம். இந்த வாரமே உன் சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

இடது கீழ்மூலையில்தான் ஓடை வளைகிறது. லைன் வீடுகளும் கிணறும் அங்கேதான்.

கத்தியிருக்க வேண்டும், தாளை அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாக விதவிதமாக யோசித்துவிட்டேன். எங்கள் தெருவில் எம்.எஸ்சி. வரை போன முதல் பெண் நான். அம்மா பினாயில் வாடையோடு வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பட்டத்தைக் கேட்பார். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். சொன்னாலும் நாற்றம் போகாது. பாதி பிளேடை எடுத்து உட்கார்ந்தேன். ட்ரேசிங் தாளில் காய்ந்த மையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கிணற்றைச் சுரண்டினேன், வீடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். சுரண்டிய இடம் சொரசொரப்பாக இருந்தால் புது மை கசியும், அதனால் நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அதையும் செய்தேன், ரொம்ப நறுவிசாக. அந்த இடத்தில் பெட்டியை வரைந்தேன். கடையில் அமோனியா பிரிண்ட் என்கிற நகல் போட்டு வாங்கி, மூக்கெரிய உட்கார்ந்து நிறம் தீட்டினேன். படத்தில் பச்சையும் மஞ்சளும்தான். பெட்டிக்குள் மட்டும், இதுதான் சிவப்பு என்று காட்ட ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

சான்றிதழ் கைக்கு வந்தது. கடைசியாக ஒரு தடவை பிரிண்டில் ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்கப் போனேன். லைன் பக்கம் போகாமல் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். அக்கா பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். சுவரோரம் காலை நீட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

படத்தைக் காட்டச் சொன்னார் அக்கா. விரித்தேன். படிக்கத் தெரியாதவர், ஆனால் ஓடை தெரியும். சுரங்க வாயிலிருந்து விரலை வைத்து, ஓடையோடு மெதுவாக இறங்கி வந்தார். வளைவு வர வேண்டிய இடத்தில் பெட்டி இருந்தது. விரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு பெட்டிக்குள் போய்ச் சிவப்புப் புள்ளி மேல் நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான நாம? சொன்ன மாதிரியே வச்சிட்டியே பாப்பா. இன்னும் லாரி வரலயேன்னு இவ பொலம்பிட்டே இருக்கா. நீ சொன்னதாலதான் கூட்டியாந்தேன்."

இல்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தது.

அவர் அடுப்படிக்குப் போனார். மகளுக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார், அதே கறுப்பு. எனக்குக் கடையில் சொல்லிவைத்து வாங்கிய கலர் பாட்டில் ஒன்றைத் துணியில் துடைத்து, மூடியை உடைத்து நீட்டினார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

"நம்ம டீ உனக்கு ஒத்துக்காதுன்னு தெரியும் பாப்பா. அன்னைக்கே மரத்தடியில பாத்தேன்."

மகள் ஊதி ஊதி டீயைக் குடித்தாள். நானும் குடித்தேன், அந்தக் கலர் பாட்டிலை, கடைசிச் சொட்டு வரைக்கும்.