வளையம் விழுந்த படமும் ஆரோக்கியராஜின் கைராசியும்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே ஆரோக்கியராஜ் சி.டி. டெக்னீஷியன். மனைவி ஜூலி சிதம்பரத்தில் நர்ஸ். இருவருக்கும் நடுவே ஒரு பஸ் பயணம்தான். போன வருஷம் ஒரு மிஷின் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

பழைய மிஷின், பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து “கூட்டம் ஜாஸ்தி” என்று சொல்லிவிடும் கண்டக்டர் மாதிரி. உடம்பைத் தாண்டி வரும் எக்ஸ்ரே மொத்தம் எவ்வளவு என்பதோடு சரி. புதுசு, எக்ஸ்ரேயின் துகள்களை ஒவ்வொரு ஃபோட்டானாகத் தலையைத் தொட்டு எண்ணும். ஆள் நோஞ்சானா பலசாலியா என்றும் பிரிக்கும். இதற்கான பயிற்சிக்குப் போனவர் ஆரோக்கியராஜ் மட்டுமே. மூன்று வருஷம் வேலையை விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார் முதலாளி மணவாளன். “வேற ஆளு பழகட்டும், ஒன்ன சிதம்பரம் பிராஞ்சுக்கு மாத்திடறேன்” என்று வாக்கும் கொடுத்தார்.

இளவரசி வந்தாள், பழகினாள். ஆயுத பூசையோடு விடுதலை என்று முடிவாயிற்று. பூசைக்கு முதல் நாளே பையைத் தூக்கிக்கொண்டு ஆரோக்கியராஜ் சிதம்பரம் போய்விட்டார்.

பூசையன்று மணவாளன் மிஷினுக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, மெயின் சுவிட்சையே அணைத்தார். “வருசம் பூரா உழைக்குது. ஒருநாள் ரெஸ்ட் எடுக்கட்டும்.” ஏ.சி.யும் ரெஸ்ட் எடுத்தது. மிஷினுக்குள் ஃபோட்டானை எண்ணுகிற டிடெக்டருக்கோ சூடு ஆகாது. மறுநாள் சோதனைப் படத்தில் வளையம் வளையமாக விழுந்தது.

“அண்ணே, முறுக்கு சுட்டாப்ல வருது!” என்றாள் இளவரசி போனில்.

“பயப்படாத. ஏ.சி.யப் போட்டு நல்லா ஆறவுடு. அப்பறம் காலிப்ரேஷன் ஓட்டு. சரியாப் பூடும்.”

மணவாளன் போனைப் பிடுங்கினார். “அதெல்லாம் இருக்கட்டும், நீ கெளம்பி வா.”

பஸ் பிடித்து வந்தார். அதற்குள் இளவரசி காலிப்ரேஷனை முடித்து, படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இவர் கதவைத் திறக்கவும் திரையில் படம் பளிச்சென்று வரவும் சரியாக இருந்தது.

“பாத்தியா! கைராசிடா ஒனக்கு!” என்றார் மணவாளன்.

“சார், நான் எதையும் தொடவே இல்ல.”

“தொடாமலே இப்பிடின்னா பாரேன்!”

“ஓட்டுனது நானு சார்,” என்றாள் இளவரசி.

“ஓட்டுனம்மா, யாரு இல்லன்னா? இவன் வந்தப்பறந்தான படம் வந்துச்சு?”

ஃபோட்டானை எண்ண டிடெக்டர் வந்துவிட்டது. ராசியை எண்ண இன்னும் வரவில்லை.

ஜூலி போனில் கேட்டாள்: “பை இங்கதான் கெடக்கு. எப்ப வருவீங்க?”

பதில் சொல்வதற்குள் மணவாளன், பூசையில் மிஞ்சிய சந்தனத்தோடு வந்துவிட்டார். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு நின்ற ஆரோக்கியராஜின் நெற்றியில், மிஷினுக்கு வைத்த அதே அளவில் ஒரு பொட்டு விழுந்தது.

“இனிமே வருசா வருசம் ஒனக்கும் சேத்துத்தான் பூசை. ரெஸ்ட்டுதான் ரெண்டு பேருக்கும் கெடையாது.”