கூரை இழுக்கும் கொக்கி

திண்டிவனம் தீயணைப்பு நிலையத்தில் நானும் இன்னொருவரும் பல வருஷம் ஒரே வண்டியில் போனவர்கள். அவர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே ஒரு காலனியில் நடுப்பகலில் தீப்பிடித்தது. கரும்புச் சோகை வேய்ந்த வீடுகள், ஒன்றையொன்று ஒட்டி நின்றன. நாங்கள் போனபோது இரண்டு எரிந்து முடிந்து மூன்றாவதில் பிடித்திருந்தது. உள்ளே எழுந்து நடக்க முடியாத ஒரு பெரியவர். கூரையைப் பிரித்து இழுத்தால் ஆளைத் தூக்கிவிடலாம். எங்களிடம் இருந்த கொக்கிக்குக் கழி குட்டை. அண்ணன் கிட்டத்தில் போய் மாட்டி இழுத்தார். கூரை மொத்தமாக அவர்மேல் சரிந்தது. அவரை மீட்டோம். பெரியவரை மீட்க முடியவில்லை.

அண்ணனுக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. புண் ஆறிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லி, "கழி நீளமா இருந்திருந்தா அந்தப் பெரியவரு பொழைச்சிருப்பாருடா. அத நாமளே செஞ்சா இன்னா?" என்றார்.

வாடகைக்கு ஒரு வெல்டிங் பட்டறை பிடித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் வெட்டிப் பற்றவைத்தேன். நீளமான இரும்புக் குழாய், நுனியில் கொக்கி. விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று குடோன்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். சிலர் வாங்கினார்கள்.

அப்புறம் ஒரு பெண் பட்டறைக்கு வந்தார். இறந்துபோன பெரியவரின் மருமகள். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"அன்னிக்கு எங்களால முடியலம்மா."

"பாத்துக்கினுதான இருந்தேன். நீங்க உட்டுட்டு ஓடலியே," என்றார் அவர். "எங்க தெருவுக்கு ஒண்ணு வேணுங்க."

கொக்கியைத் தூக்கிப் பார்த்தார். இடுப்புக்கு மேல் அதை நிமிர்த்த முடியவில்லை. கீழே வைத்துவிட்டார்.

"பகல்ல எங்க தெருவுல ஆம்பளைங்க யாருங்க இருக்காங்க? நெருப்பு புடிச்சா நாங்கதான நிக்கணும்?"

எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. குழாயை விட்டுவிட்டு மூங்கில் கழிக்கு மாறினோம். நுனியில் மட்டும் இரும்பு. கொக்கியில் நீளக் கயிறு கட்டினோம். ஒருவர் மாட்டினால் போதும், மற்றவர்கள் தூர நின்று இழுக்கலாம். அண்ணன் காசு வேண்டாம் என்றார். அந்தப் பெண் கேட்கவில்லை. "வாங்குன பொருளுன்னாதான் எங்காளுங்க பத்திரமா வெச்சிப்பாங்க," என்று காசைக் கொடுத்துவிட்டே போனார்.

அடுத்த கோடையில் அந்தத் தெருவில் மறுபடியும் தீ. வண்டி போய்ச் சேருமுன்பே பெண்கள் கூரையை இழுத்துப் போட்டிருந்தார்கள். எரிந்தது ஒரு வீடுதான். உயிர்ச்சேதம் இல்லை. கேள்விப்பட்டு நாங்களும் போனோம். அந்த மருமகளின் உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. வீட்டைப் பறிகொடுத்தவர் ஈரச் சாம்பலைக் கிளறி எதையோ தேடிக்கொண்டிருந்தார். சந்தோஷப்பட எங்களுக்கு மனசு வரவில்லை.

கொக்கியை எடுத்துப் பார்த்தேன். கயிறு நுனியில் கருகியிருந்தது.

"இங்க சங்கிலி போடணும்டா," என்றார் அண்ணன்.

மறுநாள் காலையிலேயே போட்டுக் கொடுத்தோம்.