அத்தான் செய்த ரொட்டி பீட்சா

என் அக்கா குன்வோர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட டோர்கெய்ர் அத்தானுக்குப் பேச்சே வராது என்று ஊரில் சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். மலைகளுக்கு நடுவே நீளும் கடலான ஃபியோர்டைக் கடக்கும் ஃபெர்ரியில் கார்களைக் கைகாட்டி ஏற்றி இறக்குவது அவர் வேலை. பாதி ஆயுசு கையாலேயே பேசிப் பழகியவர், வீட்டிலும் வாயைத் திறக்கச் சோம்பல்படுவார். உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் பாத்திரத்தைப் பார்த்து, 'வா, வா' என்று விரலை அசைப்பார். அக்காவுக்கு அது அழகாகத் தெரிந்தது. என்ன செய்வது, கல்யாணம் செய்துகொண்டவள் அவள்தானே.

அக்காவின் மகள் யில்வாவுக்கு அதில் ஓர் அழகும் தெரியவில்லை. பதினான்கு வயது. அத்தான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். அவரைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. அவர் எதிரே நிற்கும்போதே, "அம்மா, ஃபெர்ரிக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லு" என்பாள். அத்தானும் நகர்ந்துகொள்வார். பதிலுக்கு ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ அவள் போன வழியையே பார்த்துக்கொண்டு நிற்பார். கீழ்த்தளத்தில் தனியாகக் குடியிருந்துகொண்டு, மேலே வந்து ஓசிச் சாப்பாடு சாப்பிடுகிற எனக்கே பாவமாக இருக்கும்.

அந்தப் பெண் ஒரு வேளையாவது எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

போன பிப்ரவரியில் அக்கா ஏதோ பயிற்சிக்காக ஒரு வாரம் பெர்கன் நகரத்துக்குப் போனாள். யில்வா வழக்கம்போலத் தட்டோடு அறைக்குள். வியாழக்கிழமை காலை, ஷூ மாட்டிக்கொண்டிருந்தவளிடம் அத்தான் எப்படியோ வாயைத் திறந்துவிட்டார்.

"இன்னிக்கு... பீட்சா பண்ணலாம்னு. உக்காந்து சாப்பிடுவியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "பீட்சான்னா உக்காருறேன்னு சொல்லுங்க மாமா."

என் தோளை உரசிக்கொண்டு நின்றவருக்கு, நானும் அதை அப்படியே சொன்னேன்.

அன்றைக்கென்று பார்த்துப் பேய்க்காற்று. அது அடங்கும்வரை ஃபெர்ரி அக்கரையிலேயே நின்றுவிட்டது. அத்தான் மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தபோது ஐந்து மணியாகக் கொஞ்சமே பாக்கி. ஐந்து மணிதான் எங்கள் சாப்பாட்டு நேரம். மாவு பிசைந்து பொங்கவிடுவதற்கெல்லாம் வழியே இல்லை.

"மச்சான், மாவு இல்லாம பீட்சா பண்ண முடியுமா?"

"ரொட்டி இருக்கே அத்தான். சாண்ட்விச்சுக்கு அடுக்குற மாதிரி அடுக்கி, மேல சீஸைத் தூவி ஓவன்ல தள்ளுங்க."

பாவம் செய்யச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் காலையில் ரொட்டி, மத்தியானம் டப்பாவில் ரொட்டி, படுக்கப்போகுமுன் இன்னொரு ரொட்டி. ஆனால் ஐந்து மணிச் சாப்பாடு மட்டும் சூடாக, ரொட்டி இல்லாததாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரொட்டியை நீட்டினால் வீட்டில் சமைக்க ஆளில்லை என்று அர்த்தம்.

"ரொட்டியா? சாப்பாட்டுக்கா?"

"சூடா இருந்தா சாப்பாடு, ஆறிப்போனாத்தான் ரொட்டி. ஆரம்பிங்க."

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

"பள்ளிக்கூட டப்பால ஹாமும் ஊறுகாய் வெள்ளரியும் வெச்சுக்குவா."

ரொட்டித் துண்டுகளைத் தட்டில் வரிசை பிசகாமல் நிறுத்தினார், கார்களை நிறுத்துவதுபோலவே. பழுப்புச் சீஸை எடுத்தவரை நான்தான் தடுத்தேன். அது மிட்டாய் மாதிரி இனிக்கும். மஞ்சள் சீஸைத் துருவ நான் உட்கார்ந்தேன். தக்காளிப் பசையை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் ட்யூப் ட்யூபாகத்தான் இருக்கும். மயோனைஸ் ட்யூப், கடுகு ட்யூப், தக்காளி ட்யூப், மீன்முட்டைப் பசை ட்யூப். அத்தானின் படிக்கிற கண்ணாடியோ ஃபெர்ரியிலேயே தங்கிவிட்டது. கைக்கு வந்ததைத் தாராளமாகப் பிதுக்கினார். வெளிறிய சிவப்பாக வந்ததாம். மலிவுத் தக்காளி என்று நினைத்தாராம்.

யில்வா வந்தாள். உட்கார்ந்தாள். அத்தான் உட்காராமல், ஓவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றார். ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"மாமா, இதுல என்ன இருக்கு?"

"ஹாம், வெள்ளரி, தக்காளி."

"தக்காளியா? நீங்க தின்னு பாருங்க."

தின்றேன். சூடான மீன்முட்டையின் வாடையைப் பற்றி விவரமாகச் சொல்ல விரும்பவில்லை. அத்தான் ட்யூபை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினார். காது மடல் வரை சிவந்துபோனார்.

"மீன்முட்டை," என்றார்.

"பீட்சான்னு சொல்லி ரொட்டி. தக்காளின்னு சொல்லி மீன்முட்டை. நல்லா இருக்கு!"

தட்டோடு எழுந்தாள். அத்தான் நகர்ந்து வழிவிட்டார்.

ஆனால் அவள் அறைக்குப் போகவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து கோழிமுட்டைகளை எடுத்தாள்.

"அவிச்ச முட்டை இல்லாம மீன்முட்டையை யாராவது தின்பாங்களா? சும்மா நிக்காதீங்க, தண்ணி வைங்க."

நான் எழுந்தேன்.

"நீங்க இல்ல மாமா. இவரு."

அத்தான் தண்ணீர் வைத்த வேகத்தில் பாதி அடுப்பின் மேல் கொட்டியது. இவள் தோல் உரிக்க, அவர் வட்டம் வட்டமாக நறுக்க, ஒவ்வொரு துண்டின் மேலும் முட்டை ஏறியது. அமிர்தமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தின்னும்படி ஆயிற்று. அதிகம் தின்றது நான். அத்தான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, என்ன தின்கிறோம் என்றே தெரியாமல் தின்றார்.

தட்டுகளைக் கழுவும்போது அக்கா போனில் கூப்பிட்டாள். யில்வா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்துச் சத்தமாகப் பேசினாள்.

"என்னடி சாப்பிட்ட?"

"பீட்சா."

"கடையிலயா?"

"இல்ல, நாங்க பண்ணோம்."

"நாங்கன்னா? யாரு யாரு?"

"நானும் டோர்கெய்ரும்."

"டோர்கெய்ரா?" என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "உங்க மாமா என்ன பண்ணினான்?" என்றாள்.

"அவரு உக்காந்து தின்னாரு."

யோசனை சொன்னது நான், சீஸ் துருவியது நான். மற்ற நாளாக இருந்தால் போனைப் பிடுங்கிச் சண்டைக்குப் போயிருப்பேன். தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கழுவிய தட்டையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்த அத்தானின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன்.